பைனாகுலரா, கேமராவா, கைப்பேசியா? சிங்கப்பூரில் பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு

"மாமா, 600 வெள்ளி சேத்து வச்சிருக்கேன். எந்த கேமரா வாங்கலாம்?"

கேட்டவன் அக்கா மகன். தேசிய சேவை முடிந்து, பல்கலைக்கழகம் தொடங்கும்வரை வீட்டில் இருக்கிறான். ஈசூனில் நான்காம் மாடி வீடு. சமையலறைச் சன்னலுக்கு எதிரே நிற்கும் மரத்தில் ஒரு சோடிப் பச்சைப்புறா குச்சி பொறுக்கிக் கூடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து பையனுக்குப் பறவைப் பித்து. கேமராதான் என்று முடிவுசெய்துவிட்டு மாடலை மட்டும் என்னிடம் கேட்டான். "உனக்குப் படம் வேணுமா, புறா வேணுமா?" என்று நான் திருப்பிக் கேட்க, அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. கேட்ட விதம் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். கேள்வியில் மட்டும் விஷயம் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

600 வெள்ளிக்கு என்னென்ன கிடைக்கும்? ஏறக்குறைய 200 முதல் 400 வெள்ளிக்குள் ஒரு நல்ல பைனாகுலர். அல்லது, லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஸூம் உள்ள பழைய கேமரா ஒன்று, இரண்டாம் கையாக. அல்லது ஒரு காசும் செலவழிக்காமல், ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் அதில் ஓர் இலவசச் செயலியும். மூன்றுமே பறவையை அறிய உதவும். ஆனால் மூன்றும் சொல்லித்தரும் பாடம் வேறு வேறு.

பைனாகுலரிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அதன்மேல் சாய்வு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு.

அதன்மேல் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5.25 வரும். கண்ணில் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது, மில்லிமீட்டரில். நம் ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணி வாக்கில்தான் உதிக்கிறது. மெக்ரிட்சி காட்டுக்குள் 8 மணிக்கும் அரையிருட்டாகத்தான் இருக்கும். அங்கே இந்த எண் பெரிதாக இருந்தால் நல்லது. 8×32 வாங்கினால் ஒளிவட்டம் 4 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் கழுத்துக்கு லேசு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஈஸ்ட் கோஸ்ட், பீஷான் மாதிரி வெட்டவெளிப் பூங்காக்களுக்கு அது தாராளம். கடையில் 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசை காட்டுவார்கள். மயங்க வேண்டாம். பெருக்கம் கூடினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும், பார்வைப் பரப்பு சுருங்கும். இலைக்குள் தாவித் திரியும் தேன்சிட்டை அந்தச் சின்ன வட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அது அடுத்த புளோக்குக்குப் போயிருக்கும்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கண்ணைப் பின்பக்க லென்ஸிலிருந்து எவ்வளவு தூரம்வரை தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும் என்பதைப் பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அது 15க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். "வாங்கினேன், மங்கலா இருக்கு" என்று அலமாரியில் போட்டுவிட்டவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் வலது கண் வளையத்தைத் தொட்டதே இல்லை என்று பந்தயம் கட்டுவேன். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி, இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். ஒரு தடவை செய்தால் போதும். அதன்பின் நடுச் சக்கரம் ஒன்றே வேலை செய்யும்.

சரி, இதை வைத்து என்ன கற்கலாம்? காட்டுக்குப் போக வேண்டாம், கோப்பிக்கடைக்குப் போங்கள். எச்சில் தட்டில் சோறு பொறுக்கும் மைனாவைப் பாருங்கள். உடம்பு கரும்சாம்பல், அலகு மஞ்சள், கண் வெளிறியது, நெற்றியில் ஒரு குட்டைச் சிலுப்பல் இருந்தால் அது ஜாவா மைனா. உடம்பு பழுப்பாக, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் தெரிந்தால் தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் அதே மைனா. இங்கே எங்கும் நிறைந்திருப்பது முதலாவது. கூண்டுப் பறவையாகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பெருகியது. வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஜாவாவில் கூண்டு வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே அது அருகிவிட்டது. இங்கே அதைத் தொல்லை என்கிறோம்.

காக்கையும் அப்படி வந்ததுதான். சாம்பல் கழுத்து உள்ள வீட்டுக் காக்கையை, 1890களில் தோட்டங்களில் புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். தோட்ட வேலைக்கென்று கப்பலேறியது நாம் மட்டுமல்ல. அது சிங்கப்பூரிலும் நிலைத்தபின், அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கும் இங்கே கொண்டாட்டம். விடியற்காலையில் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நகரமன்றத்துக்குப் புகார் எழுதுகிறார்களே, அந்தக் குயில்தான். பைனாகுலரை எடுத்துக் கூவுவதைத் தேடிப் பாருங்கள். பளபளக்கும் கறுப்பு உடம்பு, சிவந்த கண்: ஆண். பழுப்பில் வெள்ளைப் புள்ளி தெளித்த பெண் "கிக் கிக் கிக்" என்று பதறுமே தவிர, அந்த ஏறுசுருதிப் பாட்டைப் பாடாது. பாடுகிறவள் குயிலி என்று எழுதிய கவிஞர்களையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

இவற்றைக் கற்க வேண்டுமானால் ஒரே பறவையைப் பத்து நிமிடம், இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பைனாகுலர் அதற்கு இடம் கொடுக்கிறது. அதில் "கிடைத்துவிட்டது" என்று ஒரு கணம் இல்லை. கேமராவில் உண்டு. பட்டனை அழுத்தி, திரையில் பெரிதாக்கி, கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான் மீன்கொத்தி மீனைக் கிளையில் அடித்துச் சாகடித்து, தலைப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கும். நீங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கேமராவுக்கு நியாயம் செய்ய வேண்டும். மறுக்க முடியாத இடங்கள் அதற்கு இருக்கின்றன. அக்டோபர், நவம்பரில் வடக்கிலிருந்து வல்லூறுகள் நம் தலைக்குமேல் கடந்துபோகும். உயரத்தில், வெளிச்சத்துக்கு எதிராக, மூன்று நொடி. இறக்கை நுனியில் விரல்போலப் பிரிந்து நிற்கும் சிறகுகளை எண்ணித்தான் பெயர் சொல்ல வேண்டும்: இங்கேயே வாழும் கொண்டை வல்லூறுக்கு ஆறு, ஜப்பானிய வல்லூறுக்கு ஐந்து, சீன வல்லூறுக்கு நான்கு. பறக்கும்போது வெறும் கண்ணோ பைனாகுலரோ இதை எண்ணி முடிக்காது. ஒரு படம் போதும், வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம். சுங்கை பூலோ சதுப்புநிலத்திலும் அப்படித்தான். ஆய்வாளர்கள் உள்ளான்களின் காலில் மாட்டிவிடும் சிறு கொடியில் எழுத்து இருந்தால், நல்ல படம் ஒன்று அதைப் படித்துவிடும். அந்தப் பறவை எங்கே எப்போது பிடிக்கப்பட்டது என்ற வரலாறே அதன்பின் திறக்கும். அரிதான பறவை ஒன்றைப் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால், மூத்தவர்கள் முதலில் கேட்பது "படம் இருக்கா?" என்பதுதான். நியாயமான கேள்வி.

ஆனால் செலவு. ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் லென்ஸ் நம் கண் பார்ப்பதுபோலக் காட்டும் என்று வைத்துக்கொண்டால், 8 மடங்கு பைனாகுலர் தரும் நெருக்கத்துக்கு 400 மில்லிமீட்டர் வேண்டும். அதில் இறகு இறகாகத் தெரிய 600 வேண்டும். 150 முதல் 600 வரை போகும் ஸூம் லென்ஸ் ஒன்று மட்டுமே 2 கிலோ. உடலோடு சேர்த்தால் சில ஆயிரம் வெள்ளி. தாவரவியல் பூங்காவில் முக்காலி போட்டு நிற்பவர்கள் வைத்திருக்கும் பெரிய வெள்ளைக் குழாய், 15,000 வெள்ளியைத் தாண்டும். 600 வெள்ளிக்கு இவை எதுவும் வராது. பழைய ஸூம் கேமரா வரும். அது வெயிலில் நன்றாகவும் காட்டில் சேறுபோலவும் படம் தரும்.

அடுத்தது பூஞ்சை. நம் காற்றின் ஈரப்பதத்தில் லென்ஸ் உள்ளே வலைபோலப் படரும். ஒரு டிசம்பர் முழுவதும் துணி அலமாரியில் வைத்திருந்த என் லென்ஸை ஜனவரியில் எடுத்தபோது உள்ளே சிலந்தி கூடு கட்டியதுபோல இருந்தது. சுத்தம்செய்யக் கொடுத்த இடத்தில் கேட்ட தொகைக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கியிருக்கலாம். அதன்பின் ஈரம் உறிஞ்சும் டிரை கேபினட் வாங்கினேன். கேமரா வாங்குபவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பைனாகுலருக்கும் பூஞ்சை வரும் என்றாலும், உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த மாடல்கள் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. அவற்றுக்கு இந்தக் கவலை வெகு குறைவு.

கேமராவின் இன்னொரு குறை நுட்பமானது. பறவையின் அசைவை அது நிறுத்திவிடுகிறது. நீரோரம் நடக்கும் சாதா உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் அது ஒரு பழுப்புப் பறவை, வெள்ளை வயிறு, அவ்வளவுதான். புத்தகத்தில் அதுபோல இன்னும் பல. நேரில் அது பின்பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி, நிறமே தெரியாத மாலை வெளிச்சத்தில்கூட அந்த ஆட்டம் காட்டிக்கொடுத்துவிடும். பழகிய மனிதரை நடையை வைத்து அடையாளம் காண்கிறோமே, அதுபோல. படத்தை மட்டும் வைத்துப் பறவை கற்றவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

படம் எடுப்பவர்களின் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அபூர்வப் பறவை வந்த செய்தி பரவினால் ஒரே மரத்தடியில் இருபது முப்பது லென்ஸ். பெரும்பாலோர் ஒழுங்கானவர்கள். ஆனால் புழு வைத்து இறக்குவது, கூட்டை மறைக்கும் இலையை விலக்குவது என்று செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2020 முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி காட்டு விலங்குக்கு உணவளித்தால் முதல் முறை 5,000 வெள்ளி வரை அபராதம், மறுபடி செய்தால் 10,000 வரை. புறாவுக்குச் சோறு போடும் பாட்டிக்கும் அது பொருந்தும், புழு போடும் படக்காரருக்கும் பொருந்தும். புதிதாகக் கேமரா வாங்குகிறவர் இந்தக் கூட்டத்துக்குள்தான் முதலில் போய் விழுவார். அதனால் சொல்கிறேன்.

இனிக் கைப்பேசி. இதை ஏளனமாகப் பார்த்தவன் நான்; மனதை மாற்றிக்கொண்டேன். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் வெளியிடும் மெர்லின் என்ற இலவசச் செயலி, சுற்றிலும் கேட்கும் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். வெப்பமண்டலக் காட்டில் பறவையைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம் என்பதால் இது பெரிய உதவி. உள்ளங்கையில் அடங்கும் தையல்சிட்டு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த குரலில் புதருக்குள்ளிருந்து கத்தும். அதைத் தேடி அரை மணிநேரம் வீணாக்கியிருக்கிறேன். இரவில் "டொக், டொக், டொக்" என்று யாரோ மரத்தைத் தட்டுவதுபோல ஒலிக்கும் பக்கிக் குருவி, பகலில் காய்ந்த சருகுக்கு நடுவே சருகாகவே கிடக்கும். குரலைத் தவிர அதற்கு வேறு முகவரி இல்லை. உபின் தீவில் இன்னும் பாடுகிற, உலகில் மிக அருகிவிட்ட வைக்கோல்நிறத் தலைச் சின்னானையும் முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். அந்த இனிய குரலே அதற்கு எமனானது. மற்ற நாடுகளில் பல இடங்களில் கூண்டுக்காகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

ஆனால் செயலியை நம்பி ஏமாறுவதற்கு நம் ஊரில் விசேஷ வாய்ப்புகள் உண்டு. ஒன்று, துடுப்புவால் கரிச்சான். வாலில் இரண்டு நீண்ட கம்பி, நுனியில் துடுப்பு. மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகப் போலி செய்யும் கள்ளன். செயலி திரையில் நாலு பெயர் வரிசையாக எரியும். மரத்தில் இருப்பது ஒருவர் மட்டும். இன்னொன்று, கூண்டுகள். ஆங் மோ கியோவின் கெபுன் பாரு மைதானத்தில் உயரக் கம்பங்களில் கூண்டுகளை ஏற்றி வைத்து, மெர்போக் புறாக்களின் குரலைக் கேட்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி நடைபாதைகளில் மாத்தா பூத்தே என்கிற வெள்ளைக்கண்ணியும் சாமாவும் தொங்கும். புளோக்கின் கீழே நின்று செயலியைத் திறந்தால் காட்டுப் பறவைகளின் பட்டியல் வரும். உற்சாகப்பட்டு எழுதிவைக்காதீர்கள், மூன்றாம் மாடி அங்கிளின் கூண்டு அது. பதிவுசெய்த குரலைத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று அது குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் சொன்னவுடன் செயலியின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தப் பறவை ஆணா பெண்ணா, என்ன செய்கிறது, ஏன் அந்தக் கிளையில் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

மண்டாயில் 2023 மே மாதம் திறந்த பறவைப் பூங்காவுக்குப் போனால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஜூரோங்கில் 1971 முதல் இருந்த பழைய பூங்காவின் வாரிசு அது. இருவாச்சியின் அலகைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க நல்ல இடம், பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டலாம். ஆனால் அங்கே பெயர்ப்பலகை இருக்கிறது. நீங்கள் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. இருவாச்சியைச் சாங்கியிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ காத்திருந்து பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவை விட்டே மறைந்து, 1994இல் உபினுக்குத் திரும்பி வந்த பறவை. பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் ஒரு கீற்று இடைவெளி வழியாக வாரக்கணக்கில் பழம் ஊட்டும். கூட்டுக்குத் தள்ளி நின்றால் பைனாகுலரில் அந்த ஊட்டலைப் பார்க்கலாம்.

இடத்தைப் பொறுத்தும் விடை மாறும். செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோவுக்கு அடிக்கடி போகப் போகிறீர்கள் என்றால், பறவைகள் தூரத்தில் இருப்பதால் நீண்ட லென்ஸோ முக்காலியில் வைக்கும் தொலைநோக்கியோ உண்மையிலேயே தேவைப்படும். அங்கே போவதற்கு முன் அலை அட்டவணையைப் பாருங்கள். கடல் ஏறும்போது வெளிச் சேற்றுப் பரப்பு மூழ்கிவிடும். பவளக்காலியும் உப்புக்கொத்தியும் உள்குளங்களுக்கு வந்து ஒதுங்கும். இறங்கும்போது போனால் பறவைகள் தூரத்துச் சேற்றில் புள்ளிகளாகத் தெரியும். மெக்ரிட்சி, புக்கிட் தீமா என்றால் காதும் 8×42ம். நம் பாட்டன்மார் பூமலை என்று அழைத்த தாவரவியல் பூங்கா, அடுக்குமாடிப் பேட்டைகள், கால்வாய் ஓரங்கள் என்றால் 8×32 போதும்.

என் தீர்ப்பு இது. தொடங்குபவர் முதல் ஆண்டு பைனாகுலரும் ஒரு நோட்டுப்புத்தகமும் வைத்துக்கொள்ளட்டும். நேரம், இடம், பறவை என்ன செய்தது என்று மூன்று வரி. செயலியைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். அது சொல்லும் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு மட்டும் நோட்டில் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே கேமராவில் பழகியவர் அதை விற்க வேண்டியதில்லை. முதல் ஐந்து நிமிடம் பையைத் திறக்காமல் இருந்தால் சரி. கை நடுங்கும் வயதானவர்களுக்கு 8 மடங்கே அதிகம். 6 அல்லது 7 தேடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு பெரியவர்களின் பைனாகுலரைக் கொடுத்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவர்கள் கண்ணுக்குப் பொருந்தாது. அவர்களுக்குச் சிறியது வாங்க வேண்டும், அல்லது வெறும் கண்ணும் மைனாவும் போதும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கோ முதல் கருவியே கைப்பேசிதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பையனுக்கு என் பழைய 8×32ஐ இரண்டு வாரம் கடன் கொடுத்தேன். முதல் நாலு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் அழைத்தான்.

"மாமா, முட்டை மேல பொட்டைதானே உக்காரும்?"

"ஏன்?"

"கழுத்து பிங்க்கா இருக்கு. இது ஆண். நேத்தும் மத்தியானம் இதுதான். சாயங்காலம் பாத்தா பச்சையா ஒண்ணு உக்காந்திருக்கு."

பச்சைப்புறாவில் பகல் ஷிப்ட் ஆணுடையது, இரவு ஷிப்ட் பெண்ணுடையது. புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நான் அதை அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

மறுவாரம் போய் 240 வெள்ளிக்கு ஒரு 8×42 வாங்கிவிட்டான். பெட்டியைப் பிரித்த கையோடு எனக்கு ஒரு செய்தி: "மாமா, மிச்சம் 360 இருக்கு. இதுக்கு ஏதாச்சும் கேமரா வருமா?"